பிறை பார்க்காதவருக்கு ஒரு ஹலால் கையேடு

முதலில் ஒரு வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள். நாற்பது வயது ஆகியிருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. பிஸ்கட் பாக்கெட்டின் பின்புறத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருப்பது அழுக்கல்ல, எழுத்து. வெறுங்கண்ணுக்கு அது அகப்படாது. கைப்பேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம்தான். ஆனால் பேரங்காடியில் நின்று மார்ஷ்மெல்லோவைப் படம் பிடிப்பவரை நாலு பேர் ஒரு மாதிரி பார்ப்பார்கள். என் அத்தை பல வருடமாக இதைச் செய்துவருகிறார். இதுவரை யாரும் ஒன்றும் சொன்னதில்லை. தள்ளுவண்டியோடு எதிரே வருகிறவர்கள் அடுத்த வரிசைக்குத் திரும்பிவிடுவார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கையேடு யாருக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மலேசியத் தமிழர். ரமலான் பிறை தெரிகிறதா என்று மாடி ஏறிப் பார்க்கிறவர் அல்ல. வீட்டில் செவ்வாய், வெள்ளி சைவம். புரட்டாசி முழுக்கச் சைவம். மற்ற நாளில் கோழி, ஆடு, மீன் உண்டு. மாடு எந்த நாளும் கிடையாது. உங்களுக்கும் பாக்கெட்டில் இருக்கும் அந்த எட்டு முனை நட்சத்திரத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை என்றுதான் சொல்வீர்கள். சமையலறை அலமாரியைத் திறந்து பாருங்கள். சில்லி சாஸ், நூடுல்ஸ், கோப்பித் தூள், பேரப்பிள்ளைக்குக் கலக்கும் மால்ட் மாவு, எல்லாவற்றிலும் அது உட்கார்ந்திருக்கும். நடுவில் அரபியில் ஹலால், கீழே மலேசியா.

முதல் படி: அந்த நட்சத்திரத்தைக் கண்டால் பாதி நம்புங்கள். முழுக்க நம்புவதைப் பற்றிப் பின்னால் பேசலாம்.

பாதி நம்பிக்கைக்குக் காரணம் இது. கத்திரிக்காயைப் பார்த்தால் கத்திரிக்காய் என்று தெரியும். கருவாட்டைப் பார்க்கவே வேண்டாம், தெரு முனையிலேயே தெரிந்துவிடும். பொடிக்கு அப்படி முகம் கிடையாது. இ471 என்று எழுதியிருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ரொட்டி மெத்தென்று இருக்கவும், ஐஸ்கிரீம் பிரியாமல் இருக்கவும் சேர்ப்பது. செம்பனை எண்ணெயிலிருந்தும் எடுக்கலாம், மாட்டுக் கொழுப்பிலிருந்தும் எடுக்கலாம், பன்றிக் கொழுப்பிலிருந்தும் எடுக்கலாம். மூன்றும் வெள்ளையாக, வாசனை இல்லாமல், சாதுவாக இருக்கும். ரொட்டி மாவைப் பதப்படுத்தும் இ920-ஐ வாத்து இறகிலிருந்து எடுக்கிறார்கள், நொதிக்கவைத்தும் எடுக்கிறார்கள். மனித முடியிலிருந்தும் எடுக்க முடியும். பத்துமலையில் மொட்டை போட்டுக்கொண்டு வந்தவருக்கு இதைச் சொல்லாதீர்கள். நான் ஒரு தைப்பூசத்தன்று சொல்லப்போய், கையில் இருந்த பன்னை அவர் என் பையிலேயே திருப்பிப் போட்டுவிட்டார்.

இந்தப் பொடி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க நாக்கு உதவாது, மூக்கு உதவாது. பொடியை விற்றவன் யார், அவனுக்கு மூலப்பொருள் கொடுத்தவன் யார் என்று பில்லைப் பிடித்துக்கொண்டே பின்னோக்கிப் போக வேண்டும். உங்களுக்கோ எனக்கோ அதற்கு நேரம் ஏது? அந்த வேலையைத்தான் ஜாக்கிம் என்ற இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை செய்கிறது. 1974-இல் பிரதமர் துறையின் கீழ் இருந்த ஓர் ஆய்வுப் பிரிவு ஹலால் சான்றை வெறும் கடிதமாகக் கொடுக்க ஆரம்பித்தது. 2012 முதல் ஜாக்கிமையும் மாநில சமய அமைப்புகளையும் தவிர வேறு யாரும் இந்த நாட்டில் ஹலால் சான்று தர முடியாது. ஆலைக்காரன் கட்டணம் கட்டுகிறான், அதிகாரி போய்ப் பார்க்கிறார், முஸ்லிம் அல்லாத நாம் சும்மா நின்று பலனை அனுபவிக்கிறோம். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

பின்னோக்கிப் போவது என்றால் எவ்வளவு தூரம் போவார்கள் என்று கேட்கிறீர்களா? இந்தோனேசியாவில் 2000-ஆம் ஆண்டு கடைசியில் நடந்ததைச் சொல்கிறேன். இது தெரியாமல் இந்தத் துறையில் நீங்கள் வாய் திறக்கக் கூடாது.

நாம் அஜினோமோட்டோ என்று பெயர் சொல்லியே கூப்பிடும் சுவையுப்பைச் செய்வது ஒரு பாக்டீரியா. கரும்புப் பாகைத் தின்று, நமக்கு வேண்டிய பொருளை அது வெளியே விடுகிறது. ஆலையில் அந்தக் கிருமியின் வித்தை, தயிருக்கு உறை எடுத்து வைப்பதுபோல, தனியாகப் பேணி வளர்க்க வேண்டும். அதற்குச் சத்துணவாக அங்கே அதுவரை கொடுத்ததை மாற்றி, பாக்டோசோய்டோன் என்று ஒன்றைக் கொடுத்தார்கள். அது சோயாப் புரதம். இதுவரை வம்பில்லை. அந்தச் சோயாவைச் சிறு துண்டுகளாக உடைக்கப் பயன்பட்ட நொதிதான் பன்றியின் கணையத்திலிருந்து வந்தது. உப்பில் பன்றி இல்லை. உப்பைச் செய்த கிருமி பன்றியைத் தின்னவும் இல்லை. அது தின்றது சோயா. அந்தச் சோயாவை நறுக்கிய கத்தி மட்டும் பன்றியுடையது. ஆகாது என்றது இந்தோனேசிய உலமா மன்றம். 2001 ஜனவரியில் நாடு முழுக்கக் கடைகளிலிருந்து பாக்கெட்டுகளைத் திரும்ப எடுத்தார்கள். நிறுவன அதிகாரிகளைக் காவல்துறை பிடித்து வைத்தது. அப்போதைய அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித் தாமே பெரிய மார்க்க அறிஞர். இதைச் சாப்பிடலாம் என்று அவர் சொன்னார். எடுபடவில்லை. நிறுவனம் கிருமியின் சாப்பாட்டை மாற்றியது.

நம் வீட்டில் அஜினோமோட்டோவின் மேல் புகாருக்குக் குறைவே இல்லை. தலைவலி வரும், நாக்கு மரத்துப்போகும், மூளை மழுங்கும் என்று பாட்டி அடுக்குவாள். அது பிறந்த தொட்டியில் கிருமிக்கு என்ன சோறு போட்டார்கள் என்று அவள்கூடக் கேட்டதில்லை.

இப்போது அந்த மறுபாதி.

தேவகோட்டையிலிருந்து என் மாமா ஒருவர் தீபாவளிக்கு வந்திருந்தார். பரம சைவம். முட்டை போட்ட கேக் இருக்கும் அறையில்கூட உட்கார மாட்டார். மேசையில் பிள்ளைகளுக்கு வாங்கிய ஜெல்லி மிட்டாய் இருந்தது. பாக்கெட்டைக் கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்தார். "ஜெலட்டின்... லெம்பு. பரவாயில்லையே, எலுமிச்சம்பழம் போட்டிருக்கான்" என்றார். ஹலால் முத்திரையையும் பார்த்துவிட்டு, "இவங்க சுத்தமா இருப்பாங்க" என்று சான்றிதழ் வழங்கி, நாலு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். லெம்பு என்றால் மலாயில் மாடு. எனக்குத் தெரியும், என் மனைவிக்குத் தெரியும், ஏழு வயது மகனுக்கும் தெரியும். மகன் வாயைத் திறந்தான். மனைவி ஒரு முறுக்கை வைத்து அடைத்தாள். மாமா ஊர் திரும்பி மூன்று வருடம் ஆகிறது. இந்தப் பத்திரிகை தேவகோட்டைக்குப் போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

ஆக இரண்டாம் படி, இதைச் சுவரில் எழுதி வையுங்கள்: அந்த நட்சத்திரம் உங்களுக்காகக் கேட்கப்பட்ட கேள்விக்குப் பதில் அல்ல. பன்றி உண்டா, மது உண்டா, அறுத்தது முறைப்படியா என்பது அவர்கள் கேள்வி. மாடு உண்டா என்பது உங்கள் கேள்வி. பன்றி ஜெலட்டின் வேண்டாம் என்று ஆலைக்காரன் தள்ளியதும் அவன் கை அடுத்துப் போவது பெரும்பாலும் மாட்டு ஜெலட்டின் பக்கம்தான். சில சமயம் மீன். மார்ஷ்மெல்லோ, கம்மி மிட்டாய், மேலே கண்ணாடிபோல் பளபளக்கும் கேக், வைட்டமின் மாத்திரையின் கூடு, எல்லாம் இந்தக் கணக்கில் வரும். அத்தையின் பல வருட ஆராய்ச்சி முடிவு இது: ஹலால் முத்திரை இல்லாத மார்ஷ்மெல்லோவில் எந்தப் பிராணி என்று தெரியாது, ஹலால் முத்திரை இருந்தால் தெரியும், அதனால்தான் வாங்க முடியாது.

பூச்சி விஷயமும் அப்படியே. இ120 என்ற சிவப்புச் சாயம் கள்ளியில் வாழும் ஒரு பூச்சியை உலர்த்தி அரைத்தது. மலேசிய ஃபத்வாவில் அதற்கு இடம் இருக்கிறது. நம் சைவத்தில் இல்லை. ஸ்ட்ராபெரி தயிரின் இளஞ்சிவப்பு ஸ்ட்ராபெரியிலிருந்து வந்தது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் நிம்மதியாக நம்பட்டும்.

கண்ணாடி வாங்கச் சொன்னது ஒரு வரிக்காக. 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, மாடோ பன்றியோ அவற்றிலிருந்து எடுத்த பொருளோ கலந்திருந்தால் அதைப் பாக்கெட்டில் எழுதியாக வேண்டும். முன்பக்கத்தில் நட்சத்திரம், பின்பக்கத்தில் லெம்பு. இரண்டையும் சேர்த்துப் படிப்பவரே தேர்ந்தவர். இந்தியாவிலிருந்து வரும் சரக்கானால் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், கண்ணாடிகூட வேண்டாம்.

அடுத்து, விருந்து. மகளுக்குக் கல்யாணம், அலுவலக நண்பர்கள் வருகிறார்கள். மலாய்க்காரர் பன்றி தொடமாட்டார். நாம் மாடு தொடமாட்டோம். சீன நண்பர்களில் குவான்யின் தேவியை வணங்குபவர்கள் பலர் மாடு உண்பதில்லை. அமிர்தம் பெற்ற சீக்கியர் ஒருவர் வந்தாரென்றால் அவர் ஹலால் முறையில் அறுத்ததையே உண்ணக் கூடாது, அவருக்குப் பருப்பும் சப்பாத்தியும். ஆட்டுக்கறி விலையைக் கேட்டால் மாப்பிள்ளையே வேண்டாம் என்று தோன்றும். என்ன மிஞ்சுகிறது? கோழி. இந்த நாட்டில் இன ஒற்றுமைக்கு எத்தனையோ இயக்கங்கள், எத்தனையோ சுலோகங்கள். உண்மையான பாரத்தைச் சுமப்பது பிராய்லர் கோழி. ஹலால் சான்று உள்ள கேட்டரிங்காரரிடம் போய் "மாடு வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர் ஏற்கெனவே எழுதி வைத்திருப்பார்.

பிறந்தநாளுக்குத் துரித உணவுக் கடைக்குப் போகிறீர்களா? வீட்டில் செய்த கேக்கைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 2017 ஜனவரியில் மலேசிய மெக்டோனால்ட்ஸ், ஹலால் சான்று பெற்ற கேக் மட்டுமே தன் கடைக்குள் வரலாம் என்று தெளிவுபடுத்தியபோது பெரிய சர்ச்சை கிளம்பியது. அதற்கு முந்தைய வருடம் வேறொரு கடையின் 'பிரெட்ஸல் டாக்' என்ற பண்டத்தின் பெயரில் நாய் இருக்கிறதே என்று ஜாக்கிம் ஆட்சேபித்தது. அதை 'பிரெட்ஸல் சாசேஜ்' ஆக்கச் சொன்னார்கள். இதற்குச் சிரிக்கலாம், நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் நம் வீட்டில் புரட்டாசியில் 'மட்டன்' என்ற பெயரில் விற்கும் சோயாவைத் தொட மறுக்கும் பெரியவர்களை எண்ணிக்கொண்டேன்.

சமையலறைத் தூரிகையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பன்னின் மேல் வெண்ணெய் தடவும் தூரிகை சிலவற்றில் இருப்பது பன்றி மயிர். பன்றி மயிரால் செய்த பொருளை அப்படிக் குறிப்பிட்டு, தனியே வைத்துத்தான் விற்க வேண்டும் என்று இங்கே சட்டம் உண்டு. 2017 பிப்ரவரியில் கடை கடையாகச் சோதனை போட்டு 2,000-க்கும் மேற்பட்ட தூரிகைகளைப் பறிமுதல் செய்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று என் மனைவி அலமாரியிலிருந்து எங்கள் தூரிகையை எடுத்து, ஒரு மயிரைப் பிடுங்கி, தீக்குச்சியில் காட்டினாள். கருகிய முடி நாற்றம் அடித்தது. அதில்தான் அதுவரை வெள்ளிக்கிழமை ஊத்தப்பத்துக்கு நெய் தடவிக்கொண்டிருந்தோம். எந்த ஆலிமும் எங்கள் வீட்டுக்கு வந்து சோதிக்கவில்லை. இருந்தாலும் அன்றைக்கு அவர்களில் ஒருவராவது பக்கத்து வீட்டில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு மனத்தாங்கலும் உண்டு, மறைக்கமாட்டேன். நான் மதியம் சாப்பிடும் வாழையிலைக் கடை சுத்த சைவம். பன்றி கிடையாது, மாடு கிடையாது, கோழியே கிடையாது, மது வாசனை கிடையாது. அந்தக் கடைக்கு ஹலால் சான்று கிடைக்காது. கல்லாவுக்கு மேல் லட்சுமி படம், படத்துக்குச் சிவப்பு பல்பு, முன்னால் ஊதுபத்தி. சான்று பெறும் கடைக்குள் வழிபாட்டுப் பொருள் இருக்கக் கூடாது என்பது விதி. கடைக்கார அண்ணனிடம் கேட்டேன். "சான்று வேணும்னா அம்மாவை இறக்கணும். அம்மாவை இறக்கிட்டா கல்லாவுல யாரு காசு போடுவா?" என்றார். பன்றியும் மதுவும் விற்காத உணவகங்களுக்கெல்லாம் சான்றைக் கட்டாயமாக்கலாமா என்று 2024 செப்டம்பரில் ஒரு பேச்சு எழுந்து, விருப்பப்பட்டால் போதும் என்று அடங்கியது. அந்த இரண்டு வாரமும் அண்ணன் சாம்பாரில் உப்பு கூடுதலாக இருந்தது. ஆனால் பகல் ஒரு மணிக்கு அந்தக் கடையில் போய்ப் பாருங்கள். பக்கத்து அரசு அலுவலகத்திலிருந்து தலையில் துடோங் அணிந்த மலாய்ப் பெண்கள் நாலு பேர் வந்து, லட்சுமிக்கு நேர் கீழே உட்கார்ந்து, ரசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள். அவர்கள் கையேடு வேறு போலிருக்கிறது.

ஊரிலிருந்து வரும் வாட்ஸ்அப் செய்திகளை எப்படிச் சமாளிப்பது என்பது தனிப் பாடம். "ஹலால் பொருளை வாங்காதே" என்று ஒரு சித்தப்பா அனுப்புவார். 2023 ஜூலையில் வந்தே பாரத் ரயிலில் ஒருவர் தேநீர்ப் பாக்கெட்டில் ஹலால் என்று பார்த்துவிட்டு, விரத மாதத்தில் இதை எப்படிக் கொடுக்கலாம் என்று ஊழியரைப் பிடித்துக்கொண்டார். தேநீர் எப்படியும் சைவம்தானே என்று அந்த ஊழியர் பொறுமையாக விளக்கும் காணொளி என் கைப்பேசிக்குப் பதினோரு முறை வந்தது. அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசம், ஏற்றுமதிக்கானதைத் தவிர்த்து, ஹலால் சான்றிட்ட பொருட்களை விற்கத் தடை போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், சிமென்டுக்கும் இரும்புக் கம்பிக்கும்கூடச் சான்று வாங்குகிறார்கள் என்று 2025 ஜனவரியில் அரசுத் தரப்பு வியந்தது. வியப்பில் நியாயம் இருக்கிறது. இந்தோனேசியாவில் 2018-இல் ஒரு குளிர்சாதனப் பெட்டிக்கே சான்று வாங்கினார்கள். முத்திரை வியாபாரமும் ஆகும், யார் இல்லையென்றது? பாட்டில் தண்ணீரில் அதைப் பார்க்கும்போது எனக்கும் விக்கல் வருகிறது.

ஆனால் சித்தப்பாவுக்கு நீங்கள் அனுப்ப வேண்டிய பதில் வேறு. டில்லி உயர் நீதிமன்றத்தில் 2021 டிசம்பரில் வந்த ஓர் உத்தரவை அனுப்புங்கள். பசுப் பாதுகாப்புக்கான ஓர் அமைப்பு போட்ட வழக்கு. உணவில் சேர்க்கும் ஒவ்வொரு பொருளும் செடியிலிருந்து வந்ததா, விலங்கிலிருந்து வந்ததா, ஆய்வகத்தில் செய்ததா என்று பாக்கெட்டில் சொல்ல வேண்டும், வெறும் எண் போதாது என்றது நீதிமன்றம். உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது இ631. நூடுல்ஸிலும் சிப்ஸிலும் சுவை கூட்டுவது. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும் எடுப்பதுண்டு. அதாவது பசுவைக் காப்பவர்கள் நீதிபதியிடம் போய்க் கேட்டதும், ஜகார்த்தா உலமாக்கள் கிருமியின் தட்டை எட்டிப் பார்த்துக் கேட்டதும் ஒரே கேள்வி. சித்தப்பா இதற்கு இன்னும் பதில் அனுப்பவில்லை. நீல டிக் மட்டும் விழுந்திருக்கிறது.

கடைசியாக, வெளிநாட்டுப் பயணம். அலுவலக வேலையாக என் மலாய் நண்பர் ஒருவரும் நானும் தைப்பே போயிருந்தோம். எனக்கு அது புரட்டாசி. இரவு பதினொரு மணிக்கு ஹோட்டலுக்குக் கீழே இருந்த கடைக்குப் போனோம். பெட்டி பெட்டியாகச் சோறு, ஒன்றிலும் நட்சத்திரம் இல்லை. எனக்குக் கவலையில்லை, தைவானில் சைவத்துக்கே ஐந்து வகை முத்திரை உண்டு: முழுச் சைவம், முட்டையோடு, பாலோடு, இரண்டோடும், வெங்காயம் பூண்டோடும். நம் ஊர் மடிசார் மாமிகூட இவ்வளவு பிரித்ததில்லை. நண்பருக்கும் நானே வழிகாட்டினேன். "என் முத்திரையைப் பார்த்து எடுத்துக்கோங்க. இறைச்சியே இல்லைனா உங்களுக்கு என்ன பிரச்சினை?"

அவர் ஒரு முழுச் சைவப் பெட்டியை எடுத்தார். கைப்பேசியைப் பின்பக்கத்தில் காட்டி மொழிபெயர்த்துப் படித்தார். நிறுத்தினார். எனக்கும் காட்டினார். நாலாவது பொருள் மிரின். சமையலில் இனிப்புக்குச் சேர்க்கும் அரிசி மது. எனக்கு ஆட்சேபணை இல்லாதது, அவருக்கு ஆகாதது. லெம்பு மாதிரிதான், திசை மட்டும் வேறு.

பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்தார். நானும் என்னுடையதை வைத்தேன். அவர் பட்டினி கிடக்க, பக்கத்தில் உட்கார்ந்து தின்ன முடியுமா? கல்லாவுக்குப் பக்கத்தில் வாழைப்பழம் இருந்தது. ஆளுக்கு இரண்டு எடுத்தோம். பழத்தின் தோலில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நண்பர் கைப்பேசியைத் திரும்ப வெளியே எடுத்தார்.